பிள்ளையின் பாலுண்ணியைச் சுடாதீர்கள்; மருந்துப் போத்தலோடு தமிழில் ஒரு துண்டு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பல பாமசிகளில் கால் ஆணிக்கும் பாலுண்ணிக்கும் ஒரே சின்னப் போத்தலைத்தான் எடுத்துத் தருகிறார்கள். விரல் நீளப் போத்தல், உள்ளே ஒட்டும் தன்மையுள்ள ஒரு திரவம், மூடியோடு சேர்ந்த ஒரு தூரிகை. மேலே இருப்பது ஆங்கிலம், அதுவும் கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத பொடி எழுத்து. எப்படிப் பூசுவது, எவ்வளவு காலம் பூசுவது, யாருக்குப் பூசவே கூடாது என்று வாங்குகிறவருக்குச் சொல்ல ஆளில்லை. இரண்டு கிழமை பூசிப் பார்த்துவிட்டு, "இது போகாது" என்று அலுத்துப்போய், அடுத்ததாக ஊதுபத்தியையோ பிளேட்டையோ கையில் எடுக்கிறார்கள். சின்னப் பிள்ளையின் காலில்! ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி தமிழ் இருந்தால் இதில் பாதியைத் தடுக்கலாம். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் அரச வைத்தியசாலைகளில் மருந்துக் கலவையாளராக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது உவர்மலையில் மகளோடு இருக்கிறேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் வலது குதிக்காலில் வந்திருக்கும் பாலுண்ணியைக் கவனிப்பது என் பொறுப்பு. அது தெரிந்ததிலிருந்து ஒழுங்கையில் உள்ள தாய்மார் பின்னேரங்களில் தங்கள் பிள்ளைகளின் காலையும் காட்ட வருகிறார்கள். அப்படிப் பார்த்ததில்தான் இந்த விசயம் எவ்வளவு பரவலானது, எவ்வளவு பிழையாகக் கையாளப்படுகிறது என்பது விளங்கியது.

முதலில், அது பாலுண்ணிதானா என்று பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் உள்ளங்காலைத் திருப்பிப் பிடியுங்கள். தோலின் ரேகைகள் அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, அதைச் சுற்றி விலகிப் போகும். மேல்தோலை மெல்லத் தேய்த்துவிட்டால் ரவையில் விழுந்த மிளகுத் தூள் போலச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை அழுக்கும் இல்லை, முள்ளும் இல்லை. மெல்லிய இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து நிற்பதுதான் அப்படித் தெரிகிறது. இரண்டு பக்கத்தாலும் கிள்ளிப் பிடித்தால் பிள்ளை துள்ளும். கால் ஆணி அப்படியல்ல. அதில் ரேகை குறுக்கே தொடர்ந்து ஓடும், நேரே அழுத்தினால்தான் வலிக்கும். கால் ஆணி சப்பாத்து உரசி உரசி வருவது, பெரும்பாலும் பெரியவர்களுக்கு. பாலுண்ணிக்குக் காரணம் ஒரு வைரசு. மனித பப்பிலோமா வைரசு என்னும் பெரிய குடும்பத்தில் சில வகைகள் உள்ளங்காலில் இதை உண்டாக்குகின்றன. தோலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், உள்ளே போய்விடும். போன பிறகும் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத்தான் வெளியே தெரியும். அதனால் எங்கே தொற்றியது என்று தேடி யாரையும் குறை சொல்ல வழியில்லை.

தவளையைத் தொட்டதால் வந்தது என்று இன்னும் சொல்கிறார்கள். தவளைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

"வேர் இருக்கு மிஸ், அதைக் கிண்டி எடுத்தால்தான் போகும்" என்று ஒரு தகப்பன் என்னிடம் வாதாடினார். பாலுண்ணிக்கு வேர் கிடையாது. அது மேல்தோலில் மட்டும் இருப்பது. நடக்க நடக்க உடம்பின் பாரம் அதை உள்நோக்கி அமுக்குவதால் ஆழமாகத் தெரிகிறதே தவிர, சதைக்குள்ளோ எலும்புக்கோ போவதில்லை. கிண்டினால் என்ன நடக்கும்? இரத்தம் வரும், வைரசு பக்கத்துத் தோலுக்கும் பரவும், காயம் ஆழமானால் உள்ளங்காலில் தழும்பு விழும். பாலுண்ணி ஒரு நாள் போய்விடும். உள்ளங்காலில் விழுந்த தழும்பின் மேல்தான் அந்தப் பிள்ளை காலம் முழுக்க நடக்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பந்து விளையாடுகிற பையன். உறவினர் ஒருவர் வந்த இடத்தில் "ஒருக்காச் சுட்டுவிட்டால் முடிந்தது" என்று ஊதுபத்தியை வைத்துவிட்டார். அடுத்த நாள் கொப்புளம், பிறகு சீழ், காய்ச்சல். நுனிக்காலில் நொண்டிக்கொண்டு திரிந்தான். புண் ஆறிய பின் பார்த்தால், ஆறிய வடுவின் ஓரத்திலேயே பாலுண்ணி திரும்ப முளைத்திருந்தது. அந்தத் தாய் என் முன்னால் இருந்து அழுததை மறக்க முடியவில்லை. இப்படிச் சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துப் பூசியவர்கள் இருக்கிறார்கள், மரமுந்திரிகைக் கொட்டையின் எண்ணெய் தடவியவர்கள் இருக்கிறார்கள், எருக்கம்பால் விட்டவர்களும் இருக்கிறார்கள். கொட்டை எண்ணெயும் எருக்கம்பாலும் நல்ல தோலையும் சேர்த்தே எரிக்கும். எருக்கம்பால் பட்ட கையால் பிள்ளை கண்ணைக் கசக்கினால் கண்ணுக்கே ஆபத்து. நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவத்தை முறையாகப் படிப்பிக்கிறார்கள். அப்படிப் படித்த ஒருவரிடம் காட்டுவது ஒன்று, யாரோ தொலைபேசியில் அனுப்பிய வீடியோவைப் பார்த்து வேலியில் நிற்கும் எருக்கலையை ஒடிப்பது வேறொன்று.

"எங்கட பிள்ளைக்கு அப்படிச் செய்துதானே போனது" என்பார்கள். போயிருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் பாலுண்ணியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக மறைந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த வைரசை அடையாளம் கண்டுகொண்டால் போதும். அது மறைந்த கிழமையில் எதைப் பூசினோமோ, பெயர் அதற்குப் போகிறது. அம்மான் பச்சரிசிப் பால் பூசியவருக்கு அம்மான் பச்சரிசி, நேர்த்தி வைத்தவருக்கு நேர்த்தி. நேர்த்தி வையுங்கள், பிள்ளையின் காலில் ஒரு கெடுதலும் வராது. நெருப்பையும் பிளேட்டையும் மட்டும் எடுக்காதீர்கள்.

வலி இல்லை, பரவவில்லை, பிள்ளை ஓடி விளையாடுகிறது என்றால் சும்மா விடுவதும் ஒரு வைத்தியம்தான். இதை நான் தாய்மாருக்குத் துணிந்து சொல்கிறேன். பேத்திக்கு அப்படி விட முடியவில்லை. குதிக்கால் நிலத்தில் ஊன்றினால் வலித்தது, நடையே ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. அதனால் வீட்டிலேயே சலிசிலிக் அமில வைத்தியம் தொடங்கினோம். அந்தச் சின்னப் போத்தலில் இருப்பது அதுதான். நூற்றுக்கு 17 பங்கு அளவில் இருக்கும் திரவம் வீட்டுக்குப் போதும். 40 பங்கு உள்ள பிளாஸ்டரும் இருக்கிறது. அதைப் பாலுண்ணியின் அளவுக்குச் சரியாக வெட்டி ஒட்டத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சுற்றியுள்ள தோல் வெந்துபோகும்.

செய்கிற விதத்தை விவரமாகச் சொல்கிறேன், பலன் முழுவதும் இதில்தான் இருக்கிறது. இரவு படுக்கப் போக முன் காலை இளஞ்சூட்டு வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊற விட வேண்டும். பேசினில் காலை வைத்ததும் பேத்தி தமிழ்ப் பாடத்தை மனப்பாடமாக ஒப்புவிப்பாள், எனக்கு நேரம் பார்க்கும் வேலை மிச்சம். ஊறிய தோல் வெள்ளையாகி உப்பி நிற்கும். துவாயால் நன்றாக ஒற்றித் துடைத்துவிட்டு, நகம் அராவும் காகித அட்டையால் அந்த வெள்ளைத் தோலை மட்டும் மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். மா போல உதிரும். சிவப்புத் தெரிந்தால், பிள்ளை "ஆ" என்றால், அன்றைக்கு அவ்வளவுதான். அந்த அட்டையை வேறு யாரும் தொடக் கூடாது, நகத்துக்கும் பாவிக்கக் கூடாது, தேய்ந்ததும் குப்பையில் போட வேண்டும். பிறகு பாலுண்ணியைச் சுற்றி நல்ல தோலில் வாஸ்லின் ஒரு வளையமாகத் தடவுவேன், மருந்து வழிந்தாலும் அங்கே பிடிக்காது. நடுவில் மட்டும் ஒரு துளி மருந்து. போத்தலில் உள்ள தூரிகை பெரிது, அதனால் நான் தீக்குச்சியின் பின்பக்கத்தால் வைக்கிறேன். காய்ந்து வெள்ளைப் படலமாகும் வரை காலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். மேலே ஒரு பிளாஸ்டர். அடுத்த நாள் இரவு திரும்பவும் இதே வேலை. தேய்க்காமல் பழைய படலத்துக்கு மேல் மருந்தைப் பூசிக்கொண்டே போனால் அது செத்த தோலுக்குத்தான் போகும். "பூசினேன் மிஸ், கேட்கவில்லை" என்று வந்தவர்களில் பெரும்பாலானோர் தேய்க்காமல் பூசியவர்கள்.

இந்தத் திரவங்களில் பல தீப்பற்றக் கூடியவை. நுளம்புத்திரி எரியும் இடத்திலும் சாமி விளக்கடியிலும் வைத்துப் பூச வேண்டாம்.

இதைப் பன்னிரண்டு கிழமை வரை விடாமல் செய்ய வேண்டும். "அம்மம்மா, இண்டைக்கு வேண்டாம்" என்று பேத்தி சிணுங்குகிற இரவுகள் உண்டு. தோல் சிவந்து நோவெடுத்தால் நானே சில நாள் நிறுத்திவிடுவேன், ஆறியதும் தொடங்குவேன். அப்படி நிறுத்துவதால் செய்தது வீணாகாது. பிள்ளையை அழ வைத்து, பிடித்து அமுக்கிச் செய்கிற வைத்தியம் இதில்லை. இப்போது அவளுடைய குதிக்காலில் கறுப்புப் புள்ளிகள் குறைந்து, ஒரு பக்கத்தில் ரேகைகள் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கின்றன. ரேகை முழுவதும் திரும்பி வந்தால்தான் பாலுண்ணி போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன் ஒரேயடியாக நிறுத்திவிட்டால் திரும்ப வரலாம்.

"வைத்தியரிடம் போய் ஐஸ் வைத்தால் ஒரே நாளில் போகுமே" என்று கேட்பவர்கள் அதிகம். அது ஐஸ் அல்ல, திரவ நைதரசன். பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை குளிர். வைத்த இடம் கொப்பளித்து உரிந்து வரும். பெரும்பாலும் ஒரு தடவையில் முடியாது, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நல்லாய் வலிக்கும், அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் யோசித்துத்தான் செய்வார்கள். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் செய்த ஓர் ஆய்வு 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள 240 பேர். ஒரு பாதிக்குத் திரவ நைதரசன், மறுபாதிக்கு 50 பங்கு சலிசிலிக் அமிலம். பன்னிரண்டு கிழமை கழித்துப் பார்த்தபோது முழுவதும் மறைந்திருந்தது இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு 14 பேருக்குத்தான். இதைக் கேட்டு மனம் விட வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஒன்றும் பூசாமல் விடுவதைவிட சலிசிலிக் அமிலம் ஓரளவு நல்லது என்றே கண்டிருக்கிறார்கள். ஆனால் உள்ளங்கால் பாலுண்ணி பிடிவாதமானது, அதற்குக் காசு கொடுத்து வாங்கக்கூடிய குறுக்கு வழி கிடையாது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய காசு கட்டி அவசரம் அவசரமாக ஓடத் தேவையில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை, சாம்பல் நிற ஒட்டு நாடாவை ஒட்டிவிடச் சொன்னாள். 2002இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு அதைப் பெரிதாகப் புகழ்ந்தது உண்மைதான். 2006இல் நெதர்லாந்தில் 103 பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தபோது சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஒட்டுவதால் கெடுதல் இல்லை, அதை நம்பி மற்றதை விட வேண்டாம்.

அப்போ எப்போது வைத்தியரிடம் போவது? பாலுண்ணிதானா என்று சந்தேகமாக இருந்தால், இரத்தம் வந்தால், நிறமோ வடிவமோ மாறினால், சிவந்து சூடாகிச் சீழ் வைத்தால், பலவாகப் பெருகினால், பிள்ளையின் நடை மாறினால், மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையாவிட்டால் போக வேண்டும். முகத்தில் வந்ததற்கு வீட்டு மருந்தே கூடாது. ஸ்டிரொயிட் மருந்து எடுக்கும் பிள்ளை, புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளை என்றால் ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும், வீட்டில் ஒன்றும் தொடங்க வேண்டாம். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் தேவைப்பட்டால் தோல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள், காசு இல்லை. அங்கே கூர்மையான கருவியால் மேல்தோலைச் சீவிவிடவும், வலுக்கூடிய அமிலம் வைக்கவும், உறைய வைக்கவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பிளேடு இருப்பதும் நம் கையில் இருப்பதும் ஒன்றல்ல.

இனி நான் மிகவும் பயப்படுகிற ஒன்று. பிள்ளைக்கு வாங்கிய போத்தல் வீட்டு அலுமாரியில் இருக்கும். அதே வீட்டில் சீனி வருத்தம் உள்ள தாத்தாவோ அம்மம்மாவோ இருப்பார். "எனக்கும் காலில் ஆணி ஒன்று இருக்கு" என்று அதை எடுத்துப் பூசிக்கொள்வார். நீரிழிவுக்காரர் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. அமிலம் தோலை அரித்துக்கொண்டு போனாலும் அவருக்கு வலிக்காது. வலிக்காததால் யாரும் பார்ப்பதில்லை. என் சேவைக் காலத்தில் ஒரு முதியவர், கால் ஆணிக்கு ஒட்டிய பிளாஸ்டரை நாட்கணக்கில் கழற்றாமல் வைத்திருந்து வந்தார். அதை நான் கழற்றும்போது பெருவிரலின் கீழே தோல் இருக்கவில்லை. அந்த விரலை எடுக்கத்தான் வேண்டி வந்தது. "நோகவே இல்லையே பிள்ளை" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நீரிழிவு உள்ளவர்கள் இந்த மருந்தைத் தாங்களாகக் காலில் வைக்கவே கூடாது. போத்தலை விற்கிறவர் இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பாடசாலைகளுக்கும் ஒரு வார்த்தை. பாலுண்ணி இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையைத் தனியே இருத்துவதும், விளையாட்டுப் பயிற்சிக்கு வராதே என்பதும் நடக்கிறது. அதற்குத் தேவையே இல்லை. பிளாஸ்டரால் மூடிவிட்டால் ஓடலாம், தண்ணீர் புகாத பிளாஸ்டர் போட்டுக் கடலில் குளிக்கலாம், கோணேசர் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறலாம். கவனிக்க வேண்டியது ஈரத் தரையைத்தான். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகளைச் சுற்றியும் வாளி வாளியாக அள்ளிக் குளிக்கிறோம், எல்லாருடைய காலும் அந்த நனைந்த தரையில்தான். ஊறிய தோலில் வைரசு இலகுவாக இடம் பிடிக்கும். குளித்து முடிந்ததும் காலைத் துடைத்துச் செருப்பைப் போட்டுவிட வேண்டும். வீட்டில் அந்தப் பிள்ளைக்குத் தனித் துவாய், தனிச் செருப்பு. பாடசாலைச் சப்பாத்துக்குள் வேர்த்து ஊறிய காலுறையை வீட்டுக்கு வந்தவுடன் கழற்ற வேண்டும். பாடசாலை வைத்திய பரிசோதனைக்கு வருகிறவர்கள் பல்லையும் கண்ணையும் பார்ப்பது போல சப்பாத்தைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் ஒருக்காப் பார்த்தால் நல்லது. பிள்ளைகள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. இந்த மருந்துகளோடு தமிழிலும் சிங்களத்திலும் பாவிக்கும் முறை வர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தலாம். அது வரும்போது வரட்டும். அதுவரை எங்கள் ஊர்ப் பாமசிக்காரர்கள் உள்ளங்கை அளவு காகிதத்தில் இதை அச்சடித்துப் போத்தலோடு சுற்றிக் கொடுக்கட்டும்: தினமும் இரவில் ஐந்து நிமிடம் இளஞ்சூட்டு வெந்நீரில் ஊற வைத்து, வெள்ளைத் தோலைத் தேய்த்து எடுத்தபின் பாலுண்ணியில் மட்டும் ஒரு துளி பூசவும். நல்ல தோலுக்கு வாஸ்லின் தடவவும். சிவந்தால் சில நாள் நிறுத்தவும். பன்னிரண்டு கிழமை வரை தொடரவும், குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டவும். முகத்தில் பூச வேண்டாம். நெருப்புக்குக் கிட்ட வைக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் பாவிக்கக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, மேலே உள்ள இந்த வரிகளை மட்டும் ஒரு பெட்டிக்குள் போட்டு வெளியிட்டால் பெரிய உதவி. பத்திரிகையை வெட்டி, பிரதி எடுத்து, பிரதான வீதியிலும் உப்புவெளிப் பக்கத்திலும் உள்ள மருந்துக் கடைகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் யாராவது அதே வேலையைச் செய்ய முன்வந்தால் பிரதிகளை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்துக் கலவையாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.